முஷ்டி உயர்த்திய சிறுவன்

பெயர் பொறித்த கற்கள் – 9

1914 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஒரே நாளில் பிரெஞ்சுப் படையில் ஏறத்தாழ 27,000 பேர் மாண்டார்கள். அந்தச் சண்டைகளைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். சாவுச் செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த விதத்தை அப்போது சொல்லவில்லை; இந்த அத்தியாயம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிரான்சில் நூறு பேர் வாழும் குக்கிராமத்துக்கும் ஒரு மேயர் உண்டு. நம் ஊராட்சித் தலைவர் மாதிரி. பெரும்பாலும் விவசாயி, கடைக்காரர், கொல்லர், ஓய்வுபெற்ற ஆசிரியர். படையிலிருந்து வரும் தகவல் அவர் கைக்குத்தான் வரும். அவர் அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்து போய், தாயிடமோ மனைவியிடமோ நேரில் சொல்ல வேண்டும். போர் தொடங்கிய சில மாதங்களிலேயே, மேயர் தெருவில் இறங்கினால் எந்த வாசலில் நிற்கப்போகிறார் என்று தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் நிலை வந்துவிட்டது.

நான்கு ஆண்டுகளில் சுமார் 80 லட்சம் பேர் படையில் சேர்க்கப்பட்டு, அவர்களில் 13 முதல் 14 லட்சம் பேர் திரும்பவில்லை. பிரான்சின் ஊராட்சிகள் 36,000-க்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் ஊருக்கு 37, 38 பேர். சராசரி என்பதால் இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது; பாரிசும் லியோனும் இதில் அடக்கம். ஆனாலும் ஒன்றை அது சொல்லிவிடுகிறது: சாவு வராத ஊர் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. நோர்மாந்தியில் தியேர்வீல் என்ற சிற்றூரை மட்டும் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1870, 1914, 1939 ஆகிய மூன்று போர்களுக்கும் போன அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். அங்கே நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை.

மற்ற ஊர்களுக்கு முதலில் எழுந்த கேள்வி கல்லைப் பற்றியதல்ல, உடலைப் பற்றியது. உடல் எங்கே? 1914 நவம்பரிலேயே, போர்முனையில் புதைத்த உடலைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டு போகக் கூடாது என்று படைத் தலைமை தடை போட்டுவிட்டது. போர் முடிந்த பிறகும் தடை தொடர்ந்தது. கத்தோலிக்க நாட்டுப்புறம், நவம்பர் மாதம் பிறந்தால் கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் உள்ள ஜனங்கள். அவர்களிடம் "உங்கள் மகன் வெர்தன் பக்கம் எங்கோ இருக்கிறான்" என்று சொன்னால் போதுமா? வசதி உள்ளவர்கள் ஆள் பிடித்து இரவோடு இரவாகத் தோண்ட வைத்தார்கள். அதற்கென்றே கூலி பேசும் தரகர்கள் முளைத்தார்கள். நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. வீரர்கள் விழுந்த இடத்திலேயே தோழர்களோடு கிடக்கட்டும் என்றார்கள் சிலர். அவர்களில் மகனை இழந்த தகப்பன்மார்களும் இருந்தார்கள். கடைசியில் 1920 ஜூலை 31-ஆம் தேதிச் சட்டம் குடும்பங்களின் பக்கம் சாய்ந்தது. விரும்பியவர்களுக்கு அரசுச் செலவிலேயே உடல் ஊருக்கு வரும். அப்படி ரயிலேறி வந்த சவப்பெட்டிகள் சுமார் 2,40,000.

எண் பெரியதுதான். ஆனால் இறந்தவர்களோடு ஒப்பிட்டால் ஆறில் ஒன்று. மீதிப் பேரில் லட்சக்கணக்கானோருக்கு உடலே கிடைக்கவில்லை. பீரங்கி அப்படி உழுதிருந்தது. வெர்தன் அருகே துவோமோன் எலும்பு மண்டபத்தில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்று பிரிக்க முடியாமல் 1,30,000 பேரின் எலும்புகள் ஒன்றாகக் கிடக்கின்றன. புதைக்க ஒன்றும் இல்லாத குடும்பம் எங்கே போய் நிற்கும்? ஊர் நடுவில் ஒரு கல் தேவைப்பட்டதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். தேசபக்தி, வெற்றி விழா, அரசியல் எல்லாம் பிறகு வந்து ஏறிக்கொண்டவை.

அரசு என்ன செய்தது? 1919 அக்டோபர் 25-ஆம் தேதி ஒரு சட்டம் இயற்றியது. மாண்டவர்களின் பெயர்கள் பாரிசில் உள்ள பாந்தியோன் நினைவு மண்டபத்தில் பதிவேடாக வைக்கப்படும். நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பும் ஊராட்சிக்கு அரசு மானியம் தரும். ஆண்டுதோறும் நவம்பர் 1 அல்லது 2-ஆம் தேதி ஒவ்வொரு ஊரிலும் அஞ்சலி நடக்கும். நன்றாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்தோறும் கல் நட வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டளை இடவில்லை. நட்டால் உதவுவோம் என்று மட்டுமே சொன்னது. உதவியும் தாராளமாக இல்லை. ஊரின் மக்கள்தொகையில் எத்தனை பேர் மாண்டார்கள், ஊர் எவ்வளவு ஏழை என்று இரண்டு அளவுகோல் வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலான ஊர்களுக்குக் கிடைத்தது செலவில் கால் பங்குக்கும் குறைவு. மீதியை ஊர்தான் போட வேண்டும். வீடுவீடாக வசூல், திருவிழா நடத்தி வசூல், ஊராட்சி நிதி, இதெல்லாம் போதாமல் கடன். இத்தனைக்கும் 1919-இல் தொடங்கி 1925-க்குள் இந்தச் சின்னங்களில் மிகப் பெரும்பாலானவை எழும்பிவிட்டன. உலக வரலாற்றில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு சிலைகளை வேறு எந்த நாடும் நட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சிற்பிகளுக்கும் கல்தச்சர்களுக்கும் நல்ல காலம் பிறந்தது. இரும்பு வார்ப்பாலைகளுக்கு அதைவிட நல்ல காலம். துய்ரென், வால் தோன் போன்ற வார்ப்பாலைகள் விலைப்பட்டியல் அச்சடித்து ஊருக்கு ஊர் அனுப்பின. துப்பாக்கி ஏந்தி நிற்பவன், கொடி பிடித்து விழுபவன், கிரீடம் வைத்த வெற்றி தேவதை, கூவும் சேவல். கல்யாணப் பத்திரிகைக் கடையில் மாதிரி ஆல்பத்தைப் புரட்டுவது போல ஊராட்சி உறுப்பினர்கள் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். யூழேன் பெனே செய்த 'வெற்றி பெற்ற போர்வீரன்' என்ற வார்ப்பு ஒன்று, ஒரு கையில் துப்பாக்கியும் இன்னொரு கையில் வெற்றி மாலையும் உயர்த்திய உருவம், சுமார் 900 ஊர்களில் நிற்கிறது. பல ஊர்களில் அதற்குச் சீருடையின் நீலச் சாயம் பூசியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே ஆள் நிற்பதைப் பார்த்துக் கலை விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். மாவட்டந்தோறும் அமைத்த ஒப்புதல் குழுக்களும் அலுத்துக்கொண்டன. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. மகனைக் கொடுத்த ஊருக்குச் சிலையில் தனித்தன்மை வேண்டும் என்று வெளியில் இருப்பவன் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகப்படி.

அதோடு, பெரும்பாலான ஊர்கள் சிலையே வாங்கவில்லை. காசு இல்லை. நான்கு பட்டையாகச் செதுக்கிய ஊசித்தூண் ஒன்று, அதில் பெயர்கள், அவ்வளவுதான். மயோல் போன்ற பெரிய சிற்பி கிடைத்தது அவர் பிறந்த ஸ்பானிய எல்லைப் பகுதி ஊர்கள் நான்குக்கு மட்டும். போரில் கை இழந்த சிற்பி ரெயால் தெல் சார்த் ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குச் செய்து கொடுத்தார்; அவர் முடியாட்சி வேண்டும் என்று கட்சி கட்டியவர் என்பதால் குடியரசுக்கார மேயர்கள் சிலருக்கு அவரைக் கூப்பிடத் தயக்கம்.

இந்தக் கட்சி விவகாரம் இடத் தேர்விலும் வந்தது. 1905-இல் பிரான்ஸ் அரசையும் திருச்சபையையும் பிரித்துச் சட்டம் போட்டிருந்தது. அதன்படி பொது இடத்தில் எழுப்பும் சின்னத்தில் சிலுவை வைக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கலாம். பங்குச் சாமியார் ஒரு பக்கம், பள்ளி ஆசிரியர் மறு பக்கம் என்று அந்த ஊர்கள் ஏற்கெனவே இரண்டு பட்டுக் கிடந்தவை. சிலுவை வேண்டும் என்றவர்கள் கல்லைக் கல்லறைத் தோட்டத்துக்கு இழுத்தார்கள். குடியரசின் பெயரால் இறந்தவர்கள் என்றவர்கள் ஊராட்சி அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதிரே நிறுத்தினார்கள். சமாதானம் ஆகாத ஊர்களில் கோயிலுக்குள் ஒரு பலகை, சதுக்கத்தில் ஒரு தூண் என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. இன்று பிரான்சில் ஊர் ஊராகப் போகிறவர், இந்தக் கல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே 1920-இல் அந்த ஊராட்சியில் யார் கை ஓங்கியிருந்தது என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

எல்லாக் கட்சிக்கும் பொதுவாக இருந்தது பெயர். கேப்டனும் சிப்பாயும் அகர வரிசையில் ஒருவர் கீழ் ஒருவராக வருவதுதான் வழக்கம். சில ஊர்களில் இறந்த ஆண்டு வாரியாக. அரண்மனைக்காரரின் மகனும் அவர் நிலத்தில் கூலிக்கு உழுதவனும் ஒரே எழுத்தளவில். 1789-இல் பேசிய சமத்துவம் கிராமத்தில் முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது இந்தக் கல்லில்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதில் தகராறு வராமல் இல்லை. 1915 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டம் 'பிரான்சுக்காக மாண்டவர்' என்ற குறிப்பை இறப்புப் பதிவேட்டில் எழுத வழி செய்திருந்தது. அந்தக் குறிப்பு இருந்தால் பெயர் கல்லில் ஏறும். விதவைக்கு ஓய்வூதியமும் சுலபமாகும். பிறந்தது ஓர் ஊர், பிழைத்தது ஓர் ஊர் என்றால்? இரண்டு ஊரும் உரிமை கொண்டாடி இரண்டு கல்லிலும் ஏறிய பெயர்கள் உண்டு. விஷவாயுவில் நுரையீரல் கெட்டு 1920-க்குப் பிறகு வீட்டுக் கட்டிலில் செத்தவர்? அது ஊருக்கு ஊர் வேறுபட்டது. சொந்தப் படையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்? அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அஞ்சலி நாளையும் ஊர்தான் தீர்மானித்தது என்றால் மிகையில்லை. அரசு நவம்பர் 1, 2 என்று கல்லறைத் திருநாளை ஒட்டி வைத்திருந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் போர் நின்ற நவம்பர் 11-தான் வேண்டும். 1921-இல் நவம்பர் 11 வெள்ளிக்கிழமை வந்தது. வேலைநாள் கெட வேண்டாம், ஞாயிறு 13-இல் கொண்டாடுங்கள் என்றது அரசு. முன்னாள் வீரர் சங்கங்கள் அன்றைக்கு வர மறுத்துவிட்டன. அடுத்த ஆண்டு அக்டோபர் 24-இல் நவம்பர் 11 தேசிய விடுமுறை என்று சட்டம் வந்தது.

அதன்பின் உருவான சடங்கு இன்றும் அநேகமாக அப்படியே நடக்கிறது. ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஊர்வலம், கொடி பிடித்த முன்னாள் வீரர்கள், பள்ளிப் பிள்ளைகள். கல்லின் முன் ஒருவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் இன்னொரு குரல், பல இடங்களில் பிள்ளைகளின் குரல், 'பிரான்சுக்காக மாண்டார்' என்று பதில் சொல்லும். படை முகாமில் காலையில் ஆஜர் எடுப்பார்களே, அந்த முறைதான். ஆஜர் சொல்ல வேண்டியவர் இல்லாததால் பிள்ளை சொல்கிறது. பிறகு ஒரு நிமிட மௌனம். 1920-களில் இந்த விழாவில் படைத்தளபதிகளின் பேச்சு அநேகமாக இருக்காது, மேடை இருக்காது, அணிவகுப்பு இருக்காது. பிரெஞ்சு நினைவுச்சின்னங்களை ஊர் ஊராக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் அந்துவான் ப்ரோ இதைக் குடிமக்களின் வழிபாடு என்கிறார். படை இங்கே கௌரவிக்கப்படுவதில்லை, இறந்த குடிமகன் கௌரவிக்கப்படுகிறான் என்பது அவர் வாதம். பொதுவாக நான் அதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் கல்லின் முன் போரையே திட்ட முடியுமா என்ற கேள்வி வந்தபோது அரசு எவ்வளவு தூரம் பொறுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நாம் க்ரூஸுக்குப் போகிறோம்.

க்ரூஸ் பிரான்சின் நடுமேட்டில் உள்ள மாவட்டம். கருங்கல் பூமி, மண் மேலாகத்தான் இருக்கும். விளைச்சல் போதாததால் ஆண்கள் வசந்தத்தில் கூட்டமாகப் புறப்பட்டுப் பாரிசுக்கும் லியோனுக்கும் போய்க் கொத்து வேலை செய்துவிட்டுக் குளிர்காலத்தில் திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையாக. 19-ஆம் நூற்றாண்டில் பாரிசைக் கட்டியவர்களில் பெரும் பங்கு க்ரூஸ் கொத்தனார்கள். நகரத்தில் அவர்கள் சாந்துச் சட்டியோடு வேறொன்றையும் கற்றுக்கொண்டு ஊருக்குக் கொண்டு வந்தார்கள்: தொழிற்சங்கம், குடியரசு, சோசலிசம், சாமியார் மேல் சந்தேகம். கொத்தனாராக இருந்து நாடாளுமன்றம் போன மர்த்தேன் நதோ இந்த மாவட்டத்துக்காரர்தான். இந்த மேட்டில் மில்வாஷ் பீடபூமி என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது ழான்தியூ என்ற கிராமம்.

பக்கத்தில் லா கூர்த்தீன் என்ற பெரிய படை முகாம். 1917-இல் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. பிரான்சுக்கு உதவியாகச் சண்டையிட வந்திருந்த ரஷ்யப் படையினர், தங்கள் நாட்டில் புரட்சி வெடித்த செய்தி கேட்டு இனிச் சண்டையிட மாட்டோம், ஊருக்கு அனுப்புங்கள் என்று முகாமிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். செப்டம்பரில் பீரங்கி வைத்து அவர்களை அடக்கினார்கள். பீரங்கிச் சத்தம் போர்முனைக்கு நானூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த இந்த அமைதியான மேட்டு நிலத்தில் கேட்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது மறக்கக் கூடிய சங்கதி இல்லை.

போருக்குப் பின் ழான்தியூவின் மேயர் ழுல் கூத்தோ. கொல்லர்; சோசலிஸ்ட்; போருக்குப் போய் விஷவாயு பட்டுத் திரும்பியவர். ஊராட்சி 1922-இல் எழுப்பிய சின்னத்தில் போர்வீரன் இல்லை; தேவதை இல்லை; சேவல் இல்லை. பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பையன் நிற்கிறான். பள்ளி மேலங்கி, மரக்கட்டைச் செருப்பு. மரியாதைக்குக் கழற்றிய தொப்பி ஒரு கையில். மறு கை முஷ்டி பிடித்து, பெயர்களுக்குக் கீழே வெட்டிய ஒரு வரியை நோக்கி நீள்கிறது. அந்த வரி: 'போர் நாசமாய்ப் போகட்டும்'.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் தகப்பனை இழந்த நாட்டில் அநாதைப் பையன் சின்னத்தில் நிற்பது புதிதில்லை. பல ஊர்களில் அழும் குழந்தை உண்டு. தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை உண்டு. தகப்பனின் தலைக்கவசத்தைத் தொட்டுப் பார்க்கும் குழந்தை உண்டு. அவையெல்லாம் துக்கம். ழான்தியூவில் பையன் அழவில்லை. கோபம் காட்டுகிறான். அந்தக் கோபம் ஜெர்மனியின் மேல் என்றிருந்தால் எந்த மாவட்ட ஆட்சியரும் சந்தோஷமாக வந்து திரை விலக்கியிருப்பார். பெரோன் நகரில் அப்படி ஒன்று இருக்கிறது, மகனின் உடல் அருகே முஷ்டி உயர்த்தும் பிக்கார்தி நாட்டுப் பெண். அவள் எழுந்தது போர் நேரடியாக மிதித்துப் போன மண்ணில் என்பதால், அவள் யாரைச் சபிக்கிறாள் என்பதை அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ள இடமிருந்தது. ழான்தியூவில் அந்த வசதி இல்லை. எழுதியே வைத்துவிட்டார்கள்.

அரசு அதிகாரிகள் திறப்பு விழாவுக்கு வர மறுத்தார்கள். பல பத்தாண்டுகள் அது அதிகாரபூர்வத் திறப்பு இல்லாத சின்னமாகவே நின்றது. லா கூர்த்தீன் முகாமுக்குப் போகும் படையினர் அந்த வழியே நடக்கும்போது மற்ற ஊர்ச் சின்னங்களுக்குச் செய்யும் மரியாதையைச் செய்யாமல், தலையைத் திருப்பிக்கொண்டு போகும்படி உத்தரவு இருந்ததாக ஊரில் சொல்வார்கள். பெயர்கள் என்னவோ அதே படையில் இறந்தவர்களின் பெயர்கள்தான். 'பிரான்சுக்காக மாண்டவர்' குறிப்பு பெற்ற பெயர்கள்தான். கீழே இருந்த ஒரு வரிக்காக அத்தனை பேருக்கும் வணக்கம் இல்லை என்று ஆனது. ப்ரோ சொன்ன குடிமக்களின் வழிபாட்டுக்கு எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

போரைச் சபித்த ஊர் இது ஒன்றுதானா என்றால், இல்லை. நோர்மாந்திக் கடற்கரையில் எகெர்த்ரவீலில் இரண்டு குழந்தைகளோடு நிற்கும் விதவை சிலையில் ஏறக்குறைய இதே வாசகம் உண்டு; 1932-இல் எமிலி ரோலே என்ற பெண் சிற்பி செய்தது. லுவார் மாவட்டத்தில் சேன் மர்த்தேன் தெஸ்த்ரெயோவில் சுவர் முழுக்கப் போரின் நட்டக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 36,000 கற்களில் இப்படி வெளிப்படையாகப் பேசுபவை மிகச் சில. மற்ற ஊர்களில் போர் மேல் கோபம் இல்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகிவிடும். விதவைகள் வரும் இடத்தில், உன் புருஷன் வீணாகச் செத்தான் என்று படிக்கும்படியான ஒன்றை எழுத எந்த ஊருக்கும் கை வராது. ழான்தியூவின் துணிச்சலைப் பாராட்டுகிறவர்கள் இந்தச் சங்கடத்தை மறந்துவிடுகிறார்கள். கூத்தோவுக்கு அது எளிதாக இருந்திருக்கலாம்; அவரே போய் வாயு குடித்து வந்தவர்.

ழான்தியூவிலிருந்து சற்றுத் தூரத்தில் ருவாயேர் என்ற ஊர். அங்கே ஒரு கல்லறை. ஃபெலிக்ஸ் போதி, கொத்தனார், தொழிற்சங்க உறுப்பினர். 1915 ஏப்ரலில் லொரேனில் ஃப்ளிரே என்ற இடத்தில் 63-ஆம் காலாட்படைப் பிரிவில் இருந்தார். அவருடைய கம்பெனி அதற்கு முந்தைய நாட்களில் தாக்குதலுக்குப் போய்ப் பலரைப் பறிகொடுத்து வந்திருந்தது. ஏப்ரல் 19-இல் மறுபடி அவர்களையே போகச் சொன்னார்கள். இது எங்கள் முறை இல்லை, மற்றவர்கள் போகட்டும் என்று பதுங்குகுழியை விட்டு யாரும் ஏறவில்லை. ஒரு கம்பெனி முழுவதும். முழுக் கம்பெனியையும் சுட முடியாது என்பதால் சிலரைப் பொறுக்கினார்கள். அந்தப் பொறுக்கலில் சீட்டுக் குலுக்கலும் உண்டு. மறுநாள் ஏப்ரல் 20-இல் நால்வரைச் சுட்டார்கள். போதி அதில் ஒருவர். அவர் பெயர் வந்ததற்குத் தொழிற்சங்கமும் ஒரு காரணம் என்ற பேச்சு க்ரூஸில் இன்றுவரை உண்டு. கூட வேலை பார்த்த கொத்தனார்கள் அவர் கல்லறையில் ஒரு பலகை வைத்தார்கள்: போரும் நாசமாகட்டும், கொன்றவர்களும் நாசமாகட்டும், போதி கோழை இல்லை. ழான்தியூ பையன் காட்டும் வரிக்கு உறவுமுறை உள்ள வரி.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்தது போலிருக்கும். ஹம்ப்ரி காப் எழுதிய மூல நாவல் இத்தகைய வழக்குகளிலிருந்து பிறந்ததுதான். படம் 1957-இல் வந்தது. பிரான்சில் திரையிட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுடப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உடல் ஒரு பிரச்சினை, ஓய்வூதியம் ஒரு பிரச்சினை, கல் ஒரு பிரச்சினை. 'பிரான்சுக்காக மாண்டவர்' குறிப்பு கிடைக்காது. ஆகவே பட்டியலில் இடமில்லை. ஊரே திரண்டு பெயர் வாசிக்கும் நாளில் அந்த வீட்டுப் பெயர் மட்டும் வராது. விதவைகளும் முன்னாள் வீரர்களும் மனித உரிமைச் சங்கமும் வழக்கு நடத்தின. வேன்க்ரே என்ற இடத்தில் 1914 டிசம்பரில் சுடப்பட்ட ஆறு பேர் 1921-இல் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பானது. ஃப்ளிரே நால்வருக்கு 1934 வரை ஆனது. சில ஊராட்சிகள் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. இவன் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று பெயரை வெட்டிவிட்டார்கள். கல் ஊருடையது, காசு ஊருடையது. அரசு போட்ட மானியம் அந்தக் கல்லின் உரிமையை வாங்கும் அளவுக்கு இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டியல்களின் அடியில் புதிய பெயர்கள் சேர்ந்தன. பெரும்பாலான ஊர்களில் முதல் போரைவிடக் குறைவு. பிறகு இந்தோசீனா, அல்ஜீரியா. முதல் போரில் பிரான்சுக்காகச் சண்டையிட்டவர்களில் கடைசி மனிதர் லசார் பொந்திசெலி 2008 மார்ச் 12-இல் காலமானார். அவர் இத்தாலியில் பிறந்து வயிற்றுப்பாட்டுக்குப் பாரிஸ் வந்தவர். 2012-இல் நவம்பர் 11-ஐ எல்லாப் போர்களிலும் மாண்டவர்களுக்கான நாளாகச் சட்டம் விரித்தது. குறிப்பு பெற்ற பெயர்களைக் கல்லில் பொறிப்பதும் அப்போதுதான் கட்டாயமானது. 1919-இல் விருப்பமாக விட்டதைக் கட்டாயமாக்க 93 ஆண்டுகள்.

ழான்தியூவின் பையனை அரசு 1990-இல் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. திறந்து வைக்க வராத அரசு பாதுகாக்க வந்தது. இப்போது ஒவ்வொரு நவம்பர் 11-லும் போர் எதிர்ப்பாளர்களும் பகுத்தறிவுச் சங்கத்தாரும் தொழிற்சங்கங்களும் அங்கே கூடுகிறார்கள். சுடப்பட்டவர்கள் எல்லோரையும் மொத்தமாகக் குற்றமற்றவர்களாக அறிவிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1998-இல் பிரதமர் லியோனெல் ழோஸ்பேன் கிரான் என்ற ஊரில் பேசும்போது, கட்டளைக்கு மறுத்துச் சுடப்பட்டவர்களும் தேசத்தின் நினைவில் இடம்பெற வேண்டும் என்றார். குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து உடனே கண்டனம் வந்தது. கட்டளை மீறலுக்காகச் சுடப்பட்ட 639 பேரின் பெயரை மீட்கும் மசோதா 2022 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. 2023 பிப்ரவரியில் மேலவை அதை நிராகரித்தது. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தமாக விடுவிக்க முடியாது என்றது ஒரு தரப்பு. நூறாண்டு கழித்து, பாதிக் கோப்புகள் இல்லாமல், எதைத் தனித்தனியாகப் பார்ப்பது என்றது இன்னொரு தரப்பு. என் ஓட்டு இரண்டாவது தரப்புக்கு.

அடுத்த அத்தியாயத்தில் இதே பிரெஞ்சுச் சட்டங்கள் நம் கரைக்கு வந்த கதை. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிப் போன, சொல்தாக்கள் என்று அழைக்கப்பட்ட படைவீரர்களையும், அவர்களுக்காகப் பாண்டிச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1938 ஏப்ரல் 3-இல் திறக்கப்பட்ட சின்னத்தையும், பிரான்சில் ஊர்தோறும் ஆறேழு ஆண்டுகளில் முடிந்த வேலை அங்கே இருபது ஆண்டுகள் இழுத்ததையும் பார்ப்போம்.